எச்-இண்டெக்ஸ் குறைவு என்பதற்காக முதல் பெயரை விட்டுக்கொடுக்கலாமா?

டெல்டா மாவட்டம் ஒன்றில், தனியார் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரியும் பெண் மருத்துவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் எம்.டி. முடித்து 9 ஆண்டுகள் ஆகின்றன. 7 ஆய்வுக்கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல் நெருங்குகிறது. ஆசிரியர்கள் எல்லோரும், தங்கள் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கையையும், அதை வைத்து ஆய்வாளருக்குக் கணக்கிடப்படும் எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணையும் எழுதித் தர வேண்டும் என்று நிர்வாகம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. ஆய்வுக்கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தளத்தில் இவருடைய எச்-இண்டெக்ஸ் 2. உடன் படித்து, இப்போது இதயநோய்த் துறையில் இருக்கும் தோழிக்கு 14. படிவத்தை நிரப்பவே கை கூசுகிறது என்கிறார்.

அவர் கையில் இப்போது ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. வயலில் பாம்பு கடித்தவர்கள் மருத்துவமனைக்கு வந்துசேர ஏன் இவ்வளவு நேரமாகிறது என்பதை, 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் விசாரித்துத் தொகுத்த ஆய்வு. அதிலிருந்து ஓர் அட்டவணையைக் கேட்டு வாங்கிய மாவட்டச் சுகாதார அலுவலர், எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்து கூடுதலாக இருப்பில் வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். இந்த ஆய்வில் நெறிமுறைக் குழுவுக்கான படிவத்தில் கையெழுத்திட்டதைத் தவிர வேறெதுவும் செய்யாத துறைத் தலைவர், கட்டுரையை எழுதியவர்களின் வரிசையில் தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். கட்டுரையை அனுப்பிய 5-ஆவது நாளே ஏற்றுக்கொண்டுவிட்டதாகச் சொல்லும் ஓர் ஆய்விதழ், 22,000 ரூபாய் கேட்டு நச்சரிக்கிறது. ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டி எண்ணிக்கையை உயர்த்திக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேரவும் அழைப்பு வந்திருக்கிறது. "எதற்குச் சம்மதிப்பது, எதை மறுப்பது என்று தெரியவில்லை. நான் ஆய்வாளர்தானா என்ற சந்தேகமே வந்துவிட்டது" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள டாக்டர்,

நீங்கள் ஆய்வாளர்தான். விஷமுறிவு மருந்து எந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற முடிவு உங்கள் அட்டவணையைப் பார்த்து எடுக்கப்பட்டிருக்கிறது. இதைவிட நேரடியான பயன் ஒரு மருத்துவ ஆய்வுக்கு அமைவது அரிது. இதைத் தைரியப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. நேர்காணலில் நீங்களே சொல்ல வேண்டிய செய்தி இது.

உங்களைக் கலங்கடிப்பது வேறொன்று. பதவி உயர்வுக்கு விதி கேட்பதையும், எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணையும் நீங்கள் ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். எண் குறைவு, எனவே பதவி உயர்வு கிடைக்காது, எனவே எப்படியாவது எண்ணை ஏற்ற வேண்டும் என்று யோசனை ஓடுகிறது. அந்தப் பதற்றத்தில்தான் 22,000 ரூபாய் இதழும் வாட்ஸ்அப் குழுவும் உங்களுக்கு வழிகளாகத் தெரிகின்றன. முதலில் அந்த எண்ணையே பார்த்துவிடுவோம்.

அந்த 2 எப்படி வந்தது?

கடிதத்துடன் நீங்கள் இணைத்த பட்டியலைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். திருமணத்துக்கு முன் வெளிவந்த 4 கட்டுரைகளில் உங்கள் பெயருடன் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது. பிறகு வந்த 3 கட்டுரைகளில் கணவரின் இனிஷியல். ஸ்கோபஸ் உங்களை இரண்டு தனித்தனி ஆட்களாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. முதலாமவருக்கு மேற்கோள்கள் 9, 5, 2, 0. இரண்டாமவருக்கு 41, 4, 0. இருவருக்கும் எச்-இண்டெக்ஸ் தலா 2.

இனி எல்லாவற்றையும் இறங்கு வரிசையில் எழுதுங்கள்: 41, 9, 5, 4, 2, 0, 0. எச்-இண்டெக்ஸ் என்பது குறைந்தது 'எச்' தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 'எச்' எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. முதல் 4 கட்டுரைகளும் குறைந்தது 4 மேற்கோள்கள் பெற்றிருக்கின்றன. ஐந்தாவதற்கு 5 இல்லை. ஆகவே உங்கள் எச்-இண்டெக்ஸ் 4. ஓர் இனிஷியல் அதைப் பாதியாக்கியிருக்கிறது.

குடும்பப் பெயர் இல்லாத நம் பெயர்களை இந்தத் தரவுத்தளங்கள் தடுமாறித்தான் படிக்கின்றன. ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் அதை விரித்து அப்பாவின் முழுப் பெயர் என்று சிதறிக் கிடப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், மிகப் பலர். ஸ்கோபஸில் ஆசிரியர் விவரத்தைத் திருத்தக் கோரும் வசதி உண்டு. இரண்டு பதிவுகளையும் இணைக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர்களுக்கான ஆர்க்கிட் அடையாள எண் ஒன்றும் பெற்றுக்கொள்ளுங்கள். 16 இலக்கங்கள் கொண்ட அந்த எண் பெயர் மாறினாலும் மாறாது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. இனி எல்லாக் கட்டுரைகளிலும் பெயரை ஒரே வடிவில் எழுதுங்கள். எந்த இனிஷியல் என்பது உங்கள் விருப்பம்.

படிவத்தில் எந்தத் தளத்தின் எண் என்பதையும், பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். கூகுள் ஸ்காலர் தீசிஸ், அறிக்கை, இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் முன்பதிப்பு என்று எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள்களைக் கணக்கில் எடுப்பதால் அதில் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். உங்கள் தோழியின் 14 எந்தத் தளத்தில் பார்த்தது என்று கடிதத்தில் இல்லை. ஒருவர் கூகுள் ஸ்காலரையும் மற்றவர் ஸ்கோபஸையும் பார்த்துவிட்டு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தோழியுடன் ஒப்பிடுவது ஏன் சரியில்லை?

எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். துறைக்குத் துறை இந்த எண்ணின் அளவு மாறும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். இதயநோயியலில் எழுதுபவர்கள் அதிகம், இதழ்கள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் கீழும் வரும் மேற்கோள் பட்டியலும் நீளம். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பெரிய மருந்துப் பரிசோதனையில் ஒரு மருத்துவமனையாகப் பங்கேற்றாலே ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும் கட்டுரையில் பெயர் வந்துவிடலாம். பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்ததே 2017-இல்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரைக் கொல்லும் ஒன்றைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. எழுதுபவர்கள் குறைவாக இருக்கும்போது மேற்கோள் காட்டுபவர்கள் மட்டும் எங்கிருந்து வருவார்கள்?

உங்கள் பட்டியலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 41 மேற்கோள்கள் பெற்றது 2020-இல் முகக்கவசம் பற்றி நீங்கள் நடத்திய இணையவழிக் கருத்துக்கணிப்பு. அது அவசரத்தில் செய்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீடு வீடாக நடந்து, ரத்தம் எடுத்துச் செய்த எம்.டி. தீசிஸ் ஆய்வுக்கு 9. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க எல்லோரும் ஒரே பொருளைப் பற்றி எழுதினார்கள். ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினார்கள். 'லான்செட்' இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2020-இல் 79 அளவில் இருந்து, 2021-இல் 202-ஐத் தாண்டி, பிறகு இறங்கியது. அதன் ஆசிரியர் குழு ஒரே ஆண்டில் இரண்டரை மடங்கு திறமைசாலிகளாகிவிடவில்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு அந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் சராசரிதான் இம்பாக்ட் ஃபேக்டர். அது இதழைப் பற்றிய எண். அதில் வெளிவந்த தனிக் கட்டுரை ஒன்றின் தரத்தை அதை வைத்து அளக்கக் கூடாது என்று ஆய்வுகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்பது குறித்து 2013-இல் வெளியான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் நேர்காணல் குழுவில் யாராவது இம்பாக்ட் ஃபேக்டரைக் கேட்டால் இந்தப் பிரகடனத்தின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மேற்கோள் எண்ணிக்கை எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. கொல்கத்தாவில் நோயியல் பேராசிரியராக இருந்த சம்பு நாத் டே, காலராவில் உயிரைப் பறிக்கும் வயிற்றுப்போக்கைக் கிருமி சுரக்கும் நச்சே உண்டாக்குகிறது என்பதை முயல்களின் குடலில் சோதித்துக் காட்டினார். 1959-இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. அன்று அதைப் பெரிதாகக் கண்டுகொண்டவர்கள் இல்லை. இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவர் உயிருடன் இருந்தவரை அவரை உறுப்பினராக்கவில்லை. 1978-இல் நோபல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டபோது அவர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1985-இல் மறைந்தார். மறு ஆண்டு, அவருடைய பணியின் தாக்கத்தை விரிவாக எழுதியவர் யூஜின் கார்ஃபீல்ட். மேற்கோள்களை எண்ணும் முறையையும் இம்பாக்ட் ஃபேக்டரையும் உருவாக்கிய அதே மனிதர்.

அதே 1959-இல், சென்னை காசநோய் மையத்திலிருந்து இன்னொரு ஆய்வு வெளிவந்தது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும் என்று காட்டி, உலகம் காசநோயைக் கையாண்ட முறையையே மாற்றிய ஆய்வு. அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஆசிரியராக நிற்பது மையத்தின் பெயர். தனிமனிதர் எவருடைய எச்-இண்டெக்ஸிலும் அது ஏறாது. சமூக மருத்துவத்தில் நாம் செய்யும் வேலையின் இயல்பு பெரும்பாலும் இப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

விதி கேட்பது என்ன?

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 தகுதி விதிகள் இணைப் பேராசிரியர் பதவிக்கு 2 ஆய்வுக்கட்டுரைகளைக் கேட்டன. மெட்லைன் (அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தொகுப்பு), ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. (கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கும் இதழ்களின் பட்டியல்) போன்ற குறிப்பிட்ட பட்டியல்களில் உள்ள இதழ்களில் அவை வந்திருக்க வேண்டும். நீங்கள் முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குரிய ஆசிரியராகவோ இருக்க வேண்டும். எச்-இண்டெக்ஸைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2025-இல் புதிய விதிகள் வந்திருப்பதால் அரசிதழில் உள்ள வாசகத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சக ஊழியர்கள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். இதழாசிரியருக்குக் கடிதம், ஒற்றை நோயாளி பற்றிய குறிப்பு ஆகியவற்றை 2022 விதி கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் ஏழில் இரண்டு அப்படிப்பட்டவை. மீதியுள்ள ஐந்தில் மூன்றிலாவது நீங்கள் முதல் ஆசிரியர். அவை வெளிவந்த இதழ்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் அடிப்படை ஆய்வுப் பயிற்சியின் சான்றிதழும் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஆக, பாம்புக்கடிக் கட்டுரை வெளிவந்தாலும் வராவிட்டாலும் உங்கள் பதவி உயர்வு அதை நம்பி இல்லை. அதை அவசரமாக விற்றுத் தீர்க்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லவே இல்லை.

22,000 ரூபாய் கேட்கும் இதழ்

நல்ல இதழ்களும் கட்டணம் வாங்குவதுண்டு. கட்டணம் கேட்பதால் மட்டும் ஓர் இதழ் போலி ஆகிவிடாது. ஆனால் 5 நாளில், ஒரு கேள்விகூடக் கேட்காமல், ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்தச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் கட்டுரையை யாரும் படிக்கவில்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான "பப்மெட்டில் தேடினால் அந்த இதழின் கட்டுரைகள் சில வருகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஆய்வுக்கு நிதி தந்த அமைப்புகளின் நிபந்தனைக்காக ஆசிரியர்கள் தனித்தனியாகச் சேமித்து வைக்கும் கட்டுரைகளும் பப்மெட்டில் தென்படும். அதனால் அந்த இதழ் மெட்லைனில் சேர்க்கப்பட்டது என்று ஆகாது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் இதழின் பெயரைத் தேடினால், தற்போது மெட்லைனில் உள்ளதா என்று தெளிவாகப் போட்டிருக்கும். ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. பட்டியல்களையும் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்கோபஸில் ஒரு காலத்தில் இருந்து பிறகு நீக்கப்பட்ட இதழ்களும் உண்டு. எந்த ஆண்டு வரை என்பதைக் கவனியுங்கள்.

இது சில்லறை ஏமாற்று அல்ல. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒரு பதிப்பு நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் அந்நாட்டு நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலுத்த உத்தரவிட்டது. முறையான மதிப்பீடு இல்லாமலே வெளியிட்டதும், கட்டணத்தை மறைத்ததும் அங்கே சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் அடங்கும்.

நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை, பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடவும் இல்லை. நல்லது. இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை." திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் என்று மிரட்டுவார்கள். கொடுக்காதீர்கள். பதில் வரும்வரை வேறு இதழுக்கு அனுப்ப வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களில் ஒரு கட்டுரை இருப்பது ஆய்வு நெறிக்கு எதிரானது. பதிலே வராவிட்டால், இரண்டு மூன்று நினைவூட்டல்களுக்குப் பிறகு, அடுத்து அனுப்பும் இதழின் ஆசிரியருக்கு நடந்ததை முழுவதும் எழுதி, மின்னஞ்சல் நகல்களையும் இணையுங்கள். உங்களைக் கேட்காமல் அவர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டாலும் இந்தக் கடிதப் போக்குவரத்துதான் உங்களைக் காப்பாற்றும்.

முதல் பெயர் யாருடையது?

ஒருவர் பெயரைக் கட்டுரையின் ஆசிரியராகப் போட மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ, தரவு சேகரிப்பதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதுவதிலோ திருத்துவதிலோ அறிவார்ந்த பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். ஆய்வின் நேர்மைக்குப் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். துறைத் தலைவர் பதவி இதில் ஐந்தாவது வழி அல்ல. அனுமதி தந்ததற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும்.

ஆனால் நீங்கள் தினமும் அவர் அறையைக் கடந்து போக வேண்டியவர் என்பது எனக்குத் தெரியும். "முடியாது சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த நாள் அங்கே வேலை செய்வது எளிதல்ல. அதனால் சொல்லும் முறையை மாற்றிப் பாருங்கள். "சார், ஒவ்வொரு ஆசிரியரும் என்ன செய்தார் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்கிறார்கள். உங்களுடைய பங்காக நான் எதை எழுதட்டும்?" இப்படிக் கேட்பது பொய்யல்ல, பல நல்ல இதழ்கள் அப்படித்தான் கேட்கின்றன. அவர் உண்மையிலேயே பகுப்பாய்வில் உட்கார்ந்து, வரைவைத் திருத்திக் கொடுத்தால் இணை ஆசிரியராகச் சேர்ப்பதில் தவறில்லை. அப்படிச் செய்யும் துறைத் தலைவர்களும் இருக்கிறார்கள். முதல் இடம் அப்போதும் உங்களுடையதே. பேசிய அன்றே, பேசியதைச் சுருக்கமாக அவருக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் முதன்மை ஆய்வாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் பெயராக இருந்தால் அது வலுவான சான்று. மிரட்டல் என்ற அளவுக்குப் போனால் டீனுக்கும் நெறிமுறைக் குழுவின் செயலருக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம். அதனால் உங்களுக்கு இடைஞ்சல் வரலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். நேர்காணல் முடியும்வரை கட்டுரையை அனுப்பாமல் வைத்திருப்பதும் ஒரு வழி. உங்கள் நிலையில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபிக்காதீர்கள். விஷமுறிவு வார்டில் இரவு நேரத்தில் நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் பேசித் தகவல் சேகரித்தவர் உங்கள் முதுநிலை மாணவர் என்றும், அவர் படிப்பு முடிந்து போய்விட்டதால் பெயரைச் சேர்க்கவில்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இது சரியல்ல. தரவைச் சேகரித்தவருக்கு வரைவை அனுப்பி, திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதே குழுவின் வழிகாட்டுதல். துறைத் தலைவர் உங்களிடம் கேட்பது எவ்வளவு அநியாயமோ, அந்தப் பையனை விட்டுவிடுவதும் அவ்வளவு அநியாயம். இந்த வாரமே அவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேராதீர்கள். யார் யாரை மேற்கோள் காட்டுகிறார் என்பது தரவுத்தளங்களில் அப்படியே பதிவாகிறது. இத்தகைய கூட்டு ஏற்பாடுகளைக் கண்டுபிடித்து, இதழ்களையே இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். தொடர்பில்லாத கட்டுரை ஒன்றை உங்கள் பட்டியலில் நுழைத்தால், அதை நம்பித் தேடிப் போகும் மருத்துவர் ஏமாறுகிறார் என்பதே எனக்குப் பெரிய குறை. அதற்குப் பதிலாக, பாம்புக்கடிக் கட்டுரையின் தலைப்பிலேயே நோயும் இடமும் வரும்படி எழுதுங்கள். கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கும் இதழாகத் தேர்ந்தெடுங்கள். வெளிவந்ததும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியிருக்கிறது. பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாக்க மத்திய அரசும் செயல்திட்டம் வைத்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் தகவலுக்கு இப்போது தேவை இருக்கிறது.

படிவத்தில் "எச்-இண்டெக்ஸ்: 4, ஸ்கோபஸில் இரு பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டது, இணைக்க விண்ணப்பித்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். அதன் கீழே, கேட்காவிட்டாலும், மாவட்டச் சுகாதார அலுவலரின் சுற்றறிக்கை எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள். நகல் உங்களிடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அலுவலர் மாற்றலாகிப் போவதற்குள் நேரில் போய் வாங்கிவிடுங்கள்.